சும்மா ஓடிய என்ஜின்

மார்ச் 3

இரண்டு மாதம் கழித்து மறுபடி கல் உடைக்கும் கிரஷர் சைட்டுக்கு வந்தேன். 500 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் செட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் என்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும் சைலன்சர் குழாயும் சேரும் ஜாயின்டில் தார் மாதிரி ஏதோ கறுப்பாக வழிந்து, கீழே பேஸ் ஃபிரேமில் சொட்டி உறைந்து கிடந்தது. போன வாரம் பார்த்துவிட்டுப் போன மெக்கானிக் "ரிங் போய்விட்டது, ஓவர்ஹால்தான்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். முதலாளியின் முகம் அதற்கேற்றபடி இருந்தது.

லாக் புத்தகத்தைப் புரட்டினேன். கிரஷரின் பெரிய மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போனதிலிருந்து இந்த செட் இரவு பகலாக ஒரு தண்ணீர் பம்பையும் விளக்குகளையும் மட்டும் தூக்கியிருக்கிறது. 35 கிலோவாட். 400 கிலோவாட் கொடுக்கிற செட்டுக்கு அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிஸ்டனைச் சுற்றி அடைக்கிற ரிங் போயிருக்கவும் செய்யலாம். ஆனால் அதை நம்ப எனக்கு அவசரமில்லை.

மார்ச் 4

டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. யாராவது ஊற்றினீர்களா என்று கேட்டேன், யாரும் இல்லை. விரலில் தேய்த்தால் தண்ணியாக இருக்கிறது, முகர்ந்தால் டீசல். ஆயில் குறைந்தால் எல்லோரும் பதறுவார்கள், ஏறினால் சந்தோஷப்படுகிறார்கள். ஏறுவதுதான் எனக்கு அதிக பயம்.

உதவிக்கு இருக்கும் பையன் "லோடே இல்லாம சும்மாதானேண்ணே ஓடுச்சு, எப்படிக் கெடும்?" என்றான். நியாயமான கேள்விதான். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். லோடு இல்லாவிட்டால் சிலிண்டர் போதிய சூடு ஏறாது, தெளித்த டீசலில் கொஞ்சம் எரியாமல் நிற்கும். அதோடு, ரிங்கை லைனரில், அதாவது சிலிண்டரின் உள்சுவரில், ஒட்டவைப்பது ரிங்கின் விறைப்பு மட்டுமல்ல. எரிந்த வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து தள்ளுவதும்தான். அந்த அழுத்தம் குறைந்தால் எரியாத டீசல் லைனர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். மீதி புகைக்குழாயில் கரியோடு சேர்ந்து கூழாகும். அதுதான் நேற்று பார்த்த தார்.

ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினோம்.

மார்ச் 6

மோட்டார் நேற்று திரும்பி வந்துவிட்டது. செட்டுக்குச் செயற்கையாக லோடு கொடுக்கும் லோடு பேங்க் வாடகைக்கு எடுக்க முதலாளி சம்மதிக்கவில்லை. சரி, கிரஷரே லோடு பேங்க்.

காலையில் முதல் வேலையாக ஜாயின்டைக் கழற்றி, கைக்கு எட்டியவரை கரியைச் சுரண்டி எடுத்தோம். இதைச் செய்யாமல் நேராக முழு லோடு கொடுத்தால், சைலன்சருக்குள் தேங்கிய டீசலும் கரியும் பற்றிக்கொள்ளலாம். தீயணைப்பான் இரண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பையனுக்கு அப்போதுதான் விளையாட்டில்லை என்று புரிந்தது.

பம்போடு கன்வேயர்கள், சல்லடை எல்லாம் சேர்த்து 100 கிலோவாட்டில் ஒரு மணி நேரம். வெளுத்த புகை, கண் எரிந்தது. அப்புறம் கிரஷர் மோட்டார். தொடக்கக் கரன்டைக் குறைக்கும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் எடுத்தும் 50 ஹெர்ட்ஸ் 47.5 வரை இறங்கி, இரண்டு மூன்று விநாடியில் எழுந்தது. குழாயிலிருந்து கறுப்பாக ஒரு குபீர். வேகம் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் கவர்னர் டீசலை உடனே கூட்டிவிடும், டர்போ சுழன்று காற்றைக் கொண்டுவரச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளிதான் அந்தக் கறுப்பு. அதில் பயப்பட ஒன்றுமில்லை. அது நிற்காமல் வந்தால்தான் பயம்.

கல் போடாமல் அரை மணி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கல். மதியம் மீட்டர் 290 கிலோவாட் காட்டியது. ஒரு மணி நேரம் கரித்தூள் மழை; வெள்ளைச் சட்டை போட்டு வந்த முதலாளி வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். மூன்று மணி வாக்கில் புகை மெலிந்து சாம்பல் நிறமானது, நான்கு மணிக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

முதலாளி இறங்கி வந்து குழாயை அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 7

அவ்வளவு சீக்கிரம் மெச்சிக்கொண்டிருக்கக் கூடாது. பதினொரு மணிக்குத் தண்ணீர்ச் சூடு 103 டிகிரி தொட்டு செட் தானாக நின்றது.

ரேடியேட்டர் சுத்தமாக இருக்கிறது என்று பையன் சத்தியம் செய்தான். வெளிப்பக்கம் பளிச்சென்றுதான் இருந்தது. ஜெனரேட்டரில் ஃபேன் காற்றை என்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளும், லாரியைப் போல உள்ளே இழுக்காது. அதனால் அழுக்கு சேர்வது ஃபேன் பக்கத்தில். ஃபேன் காவல் வலையைக் கழற்றி டார்ச் அடித்தால், கல்தூளும் ஆயிலும் குழைந்து சிமென்ட் பூச்சு மாதிரி! ஆயில் எங்கிருந்து? என்ஜினின் அடிப்பெட்டியில் சேரும் வாயுவை வெளியே விடும் கிராங்க்கேஸ் பிரீதர் குழாய் ஃபேனுக்கு நேர் எதிரே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதமாக ரிங் சரியாக அடைக்காததால் அந்த மூச்சிலும் ஆயில் அதிகம். எல்லாம் ஒரே வியாதி.

டிகிரீசர் போட்டு ஊறவைத்து, வெளியிலிருந்து உள்நோக்கி மெல்லிய அழுத்தத்தில் கழுவினோம். வேகமாக அடித்தால் ஃபின் மடங்கிவிடும். பிரீதருக்கு நீளமான ஹோஸ் மாட்டி வெளியே விட்டாயிற்று. இப்போது 88 டிகிரியில் நிற்கிறது.

மார்ச் 11

இந்தத் தேதி வந்தால் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையம் நினைவு வரும். 2011இல் நிலநடுக்கம் வந்ததும் அங்கிருந்த அவசர டீசல் ஜெனரேட்டர்கள் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி ஓடின. சுமார் ஐம்பது நிமிடம் கழித்துச் சுனாமி வந்த பிறகு 6ஆம் அணு உலை அலகின் காற்றால் குளிரும் ஒரு செட்தான் மிஞ்சியது. என்னை உறுத்துவது 2, 4 அலகுகளின் காற்றால் குளிரும் செட்டுகள். அவை தண்ணீரில் முழுகவே இல்லை, மின் பேனல்கள் முழுகிவிட்டன. நல்ல என்ஜின், வெளியே போக வழியில்லாத கரன்ட்.

மாலையில் எங்கள் பேனலின் அடிப்பக்க கேபிள் ஓட்டைகளை அடைத்தேன். இங்கே வருவது வெறும் தூசிதான், இருந்தாலும்.

மார்ச் 13

சிலிண்டர்களின் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சூடு அளக்கும் துப்பாக்கியைப் பிடித்துப் பார்த்தேன். ஐந்து சிலிண்டர் கிட்டத்தட்ட ஒன்றாக, நான்காவது மட்டும் 60 டிகிரி குறைவு. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றினால் நாசில் முனையில் கரி மொட்டு, ஒரு துளை அடைபட்டிருந்தது. புது நாசில் போட்டதும் சமமானது.

மார்ச் 19

முதலாளியோடு இரவு லோடு பற்றிப் பேச்சு. கல் ஓடாத நேரத்துக்கு 62.5 கேவிஏ செட் ஒன்று வேண்டும் என்றேன். அதற்கு 35 கிலோவாட் என்பது பத்தில் ஏழு பங்கு லோடு. "இருக்கிறதை ஓட்டுங்க" என்றார். நான் வாதாடவில்லை. பெரியது இரவில் மணிக்கு 19 லிட்டர் குடிக்கிறது, டேங்க்கில் அளவுக்கம்பி விட்டு மூன்று இரவு குறித்து வைத்த தாளைக் கையில் கொடுத்தேன். சின்னது பத்து, பதினொன்றில் முடித்துவிடும். புகை புரியாதவருக்கு லிட்டர் புரிந்தது.

மார்ச் 27

வாடகைக்குச் சின்ன செட் வந்திறங்கியது. பெரியதில் ஆயில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத்தான் போகிறது, லைனர் கண்ணாடியாக வழுவழுத்திருந்தால் அது லோடு கொடுத்துத் தீராது, லைனரை லேசாகச் சொரசொரப்பாக்கும் ஹோனிங் அடித்தே ஆக வேண்டும். அடுத்த 250 மணி சர்வீஸ் வரை பார்க்கலாம். ஜாயின்ட் காய்ந்து கிடக்கிறது.

சின்ன செட்டைச் சுற்றி வந்தேன். இதிலும் பிரீதர் குழாய் ஃபேனுக்கு நேராகத்தான். மிச்சமிருந்த ஹோஸில் இரண்டடி வெட்டி மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்தோம்.