பில் நம்பர் 1121

செங்கோட்டையில் ஒரு சின்ன நாடக சங்கத்துக்கு ஒன்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் டீச் செலவுக்கு மேலே, பஸ் செலவுக்குக் கீழே. பதிவுபெற்ற சங்கம், மிச்சம் விழுந்தால் யாரும் பங்கு போட முடியாது. மிச்சம் விழுந்ததும் கிடையாது. வருஷாவருஷம் தணிக்கை முடித்த கணக்கைப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வருவதுதான் என் பெரிய வேலை.

போன சிறப்பு மலருக்கு, "சங்க வரலாற்றை நீங்களே எழுதிருங்க" என்றார் தலைவர். சான்றிதழில் 1978 என்று இருந்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவிலிருந்து தொடங்கினார்கள். 1906-இல் இங்கே பிறந்து 1933-இல் 27 வயதிலேயே போய்விட்டவர். எங்கள் சங்கத்துக்கும் அவருக்கும் ஊர் ஒன்று என்பதோடு சரி. இதை வெளியே சொன்னால் வம்பு.

பீரோவில் படுதாக்களுக்கு அடியில் செல்லரித்த நோட்டு ஒன்று கிடைத்தது. வரிக்கு வரி முன்னால் 1121. பழைய மலர் எழுதியவர் ஓரத்தில் பென்சிலால் 'பில் நம்பர்' என்று குறித்திருந்தார். எல்லா வரிக்குமா ஒரே பில் நம்பர் என்று கணக்கன் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தொகைக்குப் பக்கத்தில் இருந்த 'ச'வையும் 'சரி' என்றே படித்தேன். கூட்டல் மட்டும் எப்படிப் போட்டாலும் இடித்தது.

ஆர்மோனியத் தாத்தாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கொல்லம் ஆண்டுடே இது, மலையாளத்து வருஷம். இங்கிலீஷ் வருஷத்துக்கு 825-ஐக் கூட்டு. 'ச'ன்னா சக்கரம், திருவிதாங்கூர்க் காசு. 28 சக்கரம் ஒரு ரூவா."

தை மாதக் கணக்கு. அப்படியானால் 1946. கிட்டப்பா போய் 12 வருஷம் கழித்து. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர். அந்த நாணயம் 1949 வரை புழங்கியது. அன்று இரவே 28-ஆல் வகுத்துக் கூட்டினேன், பைசா பிசகாமல் நின்றது. பெண் வேஷம் போடும் ஸ்திரீபார்ட்டுக்குப் புனலூரிலிருந்து ரயில் கூலி, விளக்கெண்ணெய், அரிதாரம், ஆர்மோனியத் துருத்திக்குத் தோல். நாடகத்தின் பெயரை மட்டும் எங்கேயும் எழுதவில்லை.

பின்னால் வந்த நோட்டில் ரூபாய், அணா. 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆரியங்காவுப் பக்கம் கேரளத்தில் நின்றுவிட்டது. அந்தத் தேதியை ஆவலோடு தேடினேன். 'கயிறு, 6 அணா.' அவ்வளவுதான். ரயில் கூலி அடுத்த மாதமும் அதே புனலூருக்குப் போயிருக்கிறது.

தலைவர் 1978-ஐ விடவில்லை. "சர்ட்டிபிகேட்டை மீறி எழுதினா ஆபீஸ்ல கேப்பாங்க அண்ணாச்சி" என்றார். அட்டையில் அதுவே இருக்கட்டும், உள்ளே 'கொல்லம் 1121 முதல்' என்று ஒரு வரி எனப் பேசி முடித்தோம்.

அச்சகத்திலிருந்து புரூஃப் வந்தது: 'கொல்லம் 2011 முதல்'. பிழை என்று நினைத்து அவர்களே திருத்தியிருக்கிறார்கள்.