எட்டு மில்லிகிராமுக்கு எட்டு நாள்

ஃபெண்டனில் போதையில் விழுந்த என் மகன், அதிலிருந்து மீளும் மருந்து வாங்க நாங்கள் அலைந்த கதை இது. இதை எழுதச் சொன்னதே அவன்தான். "பேர் மட்டும் போடாதீங்க, மத்ததெல்லாம் எழுதுங்கப்பா" என்றான். அதனால் பெயர்கள் கிடையாது. ஊர் நியூ ஜெர்சி, எடிசன். ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து பத்து நிமிடத்தில் வீடு. நாங்கள் பழகுகிற தமிழ்க் குடும்பங்களில் யாருடைய பிள்ளைக்கும் இப்படி ஆனதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்களுக்கு ஆனதையும் அவர்கள் யாரும் கேள்விப்படவில்லை. ஆகவே அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தைச் சுருக்கிவிடுகிறேன். 20 வயதில் முழங்காலில் ஆபரேஷன். வலிக்கு பெர்கோசெட், அபின் வகை வலி மாத்திரை. நியூ ஜெர்சியில் 2017 முதல், திடீர் வலிக்கு எழுதும் முதல் சீட்டில் ஐந்து நாள் மாத்திரைதான் தரலாம். டாக்டர் அதற்கு மேல் ஒன்றும் தரவில்லை, அவரைக் குறை சொல்ல முடியாது. அவன் படித்தது டென்னசியில். அங்கே அறைத் தோழன் மூலம் ஒரு நீல மாத்திரை கிடைத்தது. ஒரு பக்கம் 'எம்', மறு பக்கம் '30' என்ற அச்சு, பார்த்தால் மருந்துக்கடையில் வாங்கியது மாதிரியே இருக்கும். உள்ளே இருந்தது ஃபெண்டனில், அபின் வகையிலேயே மிகக் கடுமையான ஒன்று. இரண்டு வருஷம் எங்களுக்குத் தெரியவில்லை.

2023 செப்டம்பரில் தெரிந்தது. உடனே நான் செய்ததுதான் பெரிய தப்பு. மாற்று மருந்து கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது, "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்று கேட்டது நான்தான். ஏழு நாள் டீடாக்ஸுக்கு, அதாவது போதையை உடம்பிலிருந்து வெளியேற்றும் இடத்துக்கு அனுப்பினேன். மருந்தே இல்லாமல் திரும்பி வந்தான். முகம் தெளிந்திருந்தது, ரசம் சாதம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான், என் மனைவி சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டதை நிறைவேற்ற டிக்கெட் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு வாரம் விட்டால் உடம்பு பழைய தாங்குசக்தியை இழந்துவிடும், பழைய அளவே அப்புறம் ஆளைக் கொல்லும் என்பதை அந்த இடத்தில் எங்களிடம் யாரும் சொல்லவில்லை. டீடாக்ஸ் முடிந்த 16-ஆம் நாள், திங்கட்கிழமை ராத்திரி, குளியலறைக் கதவை உடைத்தேன்.

உதடு நீலம். மூச்சு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. என் மனைவி ஓடிப் போய் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து வந்தாள். நார்கான், அதாவது ஓவர்டோஸில் நின்றுபோகும் மூச்சை மீட்கும் நாலக்சோன் மருந்தின் மூக்கு ஸ்பிரே. நியூ ஜெர்சியில் 2023 ஜனவரி முதல் 14 வயது நிரம்பிய யாரும், இத்திட்டத்தில் சேர்ந்த மருந்துக்கடையில் பெயர்கூடச் சொல்லாமல் இலவசமாக நாலக்சோன் வாங்கலாம். என்னிடம் சொன்னால் திட்டுவேன் என்று சொல்லாமலே வாங்கி வைத்திருக்கிறாள். பின்பக்கத் தாளை உரித்து, முனையை மூக்குக்குள் முழுதாக விட்டு, அடியில் இருக்கும் பட்டனைக் கட்டை விரலால் ஒரே அழுத்து. அவ்வளவுதான். முதலில் அழுத்திச் சோதித்துப் பார்க்கக் கூடாது, ஒரு ஸ்பிரேயில் ஒரே டோஸ். மூன்று நிமிடத்தில் அசைவில்லை. இரண்டாவதையும் அடித்த பிறகுதான் இருமினான்.

911-ஐக் கூப்பிட நான் ஒரு கணம் தயங்கினேன், அதையும் ஒளிக்கவில்லை. போலீஸ் வந்தால் கேஸாகிவிடுமோ என்ற பயம். இந்த மாநிலத்தில் 2013-லேயே சட்டம் இருக்கிறது: ஓவர்டோஸுக்கு உதவி கேட்டுக் கூப்பிடுகிறவர் மேலும், மயங்கிக் கிடப்பவர் மேலும் போதைப்பொருள் வைத்திருந்ததற்காக வழக்குப் போட முடியாது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. என் மனைவி தெரியாமலேயே கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் வைத்திருந்து, விடியற்காலையில் ஜெராக்ஸ் எடுத்த ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதில் முழுக்க ஃபோன் நம்பர்கள். போதைக்கான ஏக்கத்தையும் விடும்போது வரும் வேதனையையும் அடக்கும் பியூப்ரெனார்ஃபின் என்ற மாற்று மருந்தின் முதல் டோஸை அங்கேயே கொடுத்திருக்கலாம். நாலக்சோன் கொடுத்த கையோடு அதை ஆம்புலன்ஸிலேயே கொடுக்கப் பாராமெடிக்குகளுக்கு 2019-இல் அனுமதி கொடுத்த முதல் மாநிலமே நியூ ஜெர்சிதான். எங்களுக்கு வந்த வண்டியில் அது இல்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தானே.

அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து என் எட்டு நாளை எண்ணுகிறேன்.

முதல் இரண்டு நாளும் ஃபோன்தான். தாளில் இருந்த நம்பர்களில் பாதி டீடாக்ஸ் இடங்கள், அந்தப் பாடம் ஒருமுறை படித்தாயிற்று. எங்கள் குடும்ப டாக்டரிடம் கேட்டேன். இந்த மருந்தை எழுத முன்பெல்லாம் மத்திய அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும், டாக்டர் என்றால் எட்டு மணி நேரப் பயிற்சி, ஆரம்பத்தில் 30 நோயாளிகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்றெல்லாம் வரம்பு. 2022 டிசம்பர் கடைசியில் வந்த சட்டம் அதை எடுத்துவிட்டது. கட்டுப்பாட்டு மருந்துகள் எழுத டாக்டர்கள் வைத்திருக்கும் வழக்கமான டி.இ.ஏ. பதிவு இருந்தாலே போதும். "எழுதலாம்தான், ஆனால் நான் அந்தப் பக்கம் போவதில்லை" என்றார் அவர். வேறு இரண்டு பேரும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார்கள். சட்டம் மாறிப் பத்து மாதம் ஆகிவிட்டது. அவர்கள் மாறவில்லை.

மெத்தடோன் என்ற இன்னொரு மாற்று மருந்தையும் யோசித்தோம். அதில் ஒரு வேடிக்கை. முதுகு வலிக்கு என்றால் அதே மெத்தடோனை மருந்துக்கடையில் சீட்டுக் காட்டி வாங்கலாம். போதையிலிருந்து மீள என்றால் கடையில் தர முடியாது, அதற்கென உரிமம் பெற்ற கிளினிக்குக்குத்தான் போக வேண்டும், தொடக்கத்தில் கிட்டத்தட்ட தினமும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் விதிகளை 2024-இல்தான் நிரந்தரமாகத் தளர்த்தினார்கள். சிலருக்கு மெத்தடோன்தான் சரியாக வரும். மேற்கு வர்ஜீனியா போன்ற இடத்தில் 2007 முதல் புது மெத்தடோன் கிளினிக்கே திறக்கக் கூடாது என்று தடை. அங்கே இருந்தால் என்ன செய்திருப்போம் என்று அப்போது யோசிக்கத் தெம்பில்லை.

ஒரு சமூக நல கிளினிக்கில் நர்ஸ் பிராக்டிஷனர் (மருந்துச் சீட்டு எழுதும் தகுதி பெற்ற நர்ஸ்) ஒருவர் பியூப்ரெனார்ஃபின் எழுதுவதாகத் தெரிந்தது. ஃபோனில், "அப்படி ஒருவர் இங்கே நோயாளி என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது" என்றார்கள். கோபம் வந்தது. என் காசு, என் இன்ஷூரன்ஸ், என் பிள்ளை. ஆனால் அவனுக்கு 22 வயது. போதைச் சிகிச்சைப் பதிவுகளுக்குச் சாதாரண மருத்துவப் பதிவுகளைவிடக் கடுமையான மத்தியப் பாதுகாப்பு உண்டு. அவன் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டான், அப்புறம்தான் என்னிடம் பேசினார்கள். இப்போது நினைத்தால், வெளியே தெரியாது என்ற நம்பிக்கையில்தான் அவன் வரவே சம்மதித்தான்.

வியாழக்கிழமை பார்த்தார்கள். அன்றே சீட்டும் போட்டுவிட்டார்கள். 8 மில்லிகிராம் ஃபிலிம், நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மெல்லிய தாள் மாதிரி மருந்து. மருந்துக்கடையில், "உங்க இன்ஷூரன்ஸ் முன் அனுமதி கேட்குது" என்றார்கள்.

இந்த இடத்துக்கு நான் தயாராகத்தான் இருந்தேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்திருந்தேன். நியூ ஜெர்சியின் 2017 சட்டம், போதைச் சிகிச்சையில் வருஷத்துக்கு 180 நாள் வரை முன் அனுமதி கேட்காமல் இன்ஷூரன்ஸ் கொடுக்க வேண்டும் என்கிறது. வெள்ளிக்கிழமை காலை ஃபோனில் அதை வக்கீல் மாதிரி வாசித்தேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், உங்கள் பிளான் செல்ஃப் ஃபண்டட்" என்றாள்.

எனக்கு இது சுத்தமாகத் தெரியாத விஷயம். அட்டையில் இன்ஷூரன்ஸ் கம்பெனி பெயர்தான் இருக்கும். ஆனால் பெரிய கம்பெனிகளில் மருத்துவச் செலவைக் கொடுப்பது நாம் வேலை செய்யும் கம்பெனியே, இன்ஷூரன்ஸ்காரர் கணக்குப் பார்ப்பவர் மட்டும். அப்படிப்பட்ட பிளான்கள் 1974-இன் எரிசா என்ற மத்தியச் சட்டத்தின் கீழ் வரும், மாநில இன்ஷூரன்ஸ் சட்டம் அவற்றைத் தொடாது. ஐ.டி.யில் இருக்கும் நம்மவர்களில் நிறையப் பேருக்கு இந்த வகைதான். இன்னொரு பக்கம் பாருங்கள்: இதே மாநிலத்தில் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிக்கெய்டில் 2019 ஏப்ரல் முதல் இந்த மருந்துக்கு முன் அனுமதி கிடையாது. எனக்கு வேலை இல்லாமல் இருந்திருந்தால் அவனுக்கு வியாழக்கிழமையே மருந்து கிடைத்திருக்கும்.

எங்கள் ஆபீஸ் ஹெச்.ஆரில் ஒருவர் வழி சொன்னார். மாநிலச் சட்டம் தொடாவிட்டாலும், மனநலம், போதைச் சிகிச்சை இரண்டையும் மற்ற வியாதிகளைவிடக் கடுமையாக நடத்தக் கூடாது என்ற 2008-ஆம் வருஷத்து மத்தியச் சட்டம் பெரிய கம்பெனிகளின் செல்ஃப் ஃபண்டட் பிளானுக்கும் பொருந்தும். சர்க்கரைக்கு, இரத்த அழுத்தத்துக்குத் தினமும் சாப்பிடும் மாத்திரைக்கு இப்படி அனுமதி கேட்கிறீர்களா என்று எழுத்தில் கேளுங்கள், கூடவே அவசர முறையீடு என்று குறிப்பிடுங்கள் என்றார். அவசரம் என்றால் 72 மணி நேரத்துக்குள் பதில் தந்தாக வேண்டும். கிளினிக்கிலிருந்து, தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்று ஒரு வரி கடிதம் வாங்கி வெள்ளிக்கிழமை மதியமே அனுப்பினேன்.

அந்த சனி, ஞாயிறு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். ஒரு நாள் அவன் வெளியே கிளம்பினான். நான் தடுக்கவில்லை. அவன் ஜாக்கெட் பையில் நார்கானைப் போட்டு, "தனியா இருக்காதடா" என்று மட்டும் சொன்னேன். அப்பா சொல்லக்கூடிய வார்த்தையா அது என்று இன்றும் எனக்குள் ஒரு விசாரணை ஓடிக்கொண்டிருக்கிறது.

திங்கள் மதியம் அனுமதி வந்தது. அப்புறம் கடைகள். ஒரு பெரிய கடையில் ஸ்டாக் இல்லை, இன்னொன்றில் இந்த மருந்துக்குப் புது நோயாளிகளை எடுப்பதில்லை. கடைசியில் ஒரு குஜராத்திப் பெரியவரின் சின்னக் கடை. சீட்டைப் பார்த்தார், என் மகனைப் பார்த்தார், "காலையில் வந்துவிடும் பேட்டா, பத்து மணிக்கு வா" என்றார். குரலை ஒன்றும் தாழ்த்தவில்லை, உயர்த்தவும் இல்லை. எட்டாம் நாள் மருந்து கைக்கு வந்தது. ஃபிலிமுக்குப் பதில் ஜெனரிக் மாத்திரையாக எழுதச் சொல்லி, கூப்பன் வைத்துக் கைக்காசிலேயே அனுமதி வரும்வரை சமாளித்திருக்கலாம் என்பது ஒன்பதாம் நாள் தெரிந்தது.

வாங்கியவுடன் வாயில் போட்டுக்கொள்ள முடியாது. ஃபெண்டனில் உடம்பில் இருக்கும்போதே இதைப் போட்டால், விடுபடும்போது வரும் வேதனை முழுவதும் ஒரே நேரத்தில் அடித்துச் சாய்த்துவிடும். போதுமான அளவு நோவு வரும்வரை காத்திருக்க வேண்டும். சமையலறை மேஜையில் லேப்டாப், அதில் அந்த நர்ஸ் அம்மா. 11 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு மார்க் போட்டார்: நாடித் துடிப்பு, கண்ணின் பாவை, வியர்வை, கொட்டாவி, மூக்கு ஒழுகல், மயிர்க்கூச்செறிதல். அவன் கையில் முடி ஊசி ஊசியாக நின்றது. மார்க் போதுமென்று அவர் சொன்னதும் ஆரஞ்சு நிறத்தில் நகம் அளவுக்கு ஒரு ஃபிலிமைப் பாதியாக வெட்டி நாக்குக்கு அடியில் வைத்தான். விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. முக்கால் மணி நேரம் கழித்து அவன் கையைப் பார்த்தேன். முடி படிந்திருந்தது. "அம்மா, மாவு இருக்கா?" என்றான்.

2024 ஆகஸ்டில் படிப்பை முடிக்க டென்னசிக்குத் திரும்பினான். அதற்குள் தினம் 24 மில்லிகிராம். நான் அவ்வளவு பயந்த பிளான் இப்போது உதவியது: செல்ஃப் ஃபண்டட் என்பதால் மாநிலம் மாறினாலும் அனுமதி மாறவில்லை. ஆனால் எழுதிக்கொடுக்கும் கை மாற வேண்டியிருந்தது. நோயாளி எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த மாநில உரிமம் வேண்டும், வீடியோவில் பார்த்தாலும் சரி. அங்கே நர்ஸ் பிராக்டிஷனர்களுக்குத் தனி வரம்புகள். 16 மில்லிகிராமுக்கு மேல் 30 நாளைத் தாண்டி எழுதினால் ஏன் என்று நோயாளியின் பதிவேட்டில் டாக்டர் காரணம் காட்ட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருந்தது. முதலில் பார்த்த டாக்டர் அந்த வம்பே வேண்டாமென்று அளவைக் குறைக்கப் பார்த்தார். இரண்டாமவர் நியூ ஜெர்சிப் பதிவுகளை வரவழைத்து, அரைப் பக்கம் காரணம் எழுதி, 24-ஐ அப்படியே தொடர்ந்தார். அந்த டிசம்பரில் மருந்துகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான எஃப்.டி.ஏ.வே, 16 என்பது உச்சவரம்பு அல்ல என்று லேபிளில் தெளிவாக்கச் சொன்னது.

இன்னொன்று. என் மகன் இங்கேயே பிறந்தவன். ஆனால் பச்சை அட்டைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு, குடியேற்ற மருத்துவப் பரிசோதனையில் போதைப் பழக்கம் பற்றிக் கேள்வி உண்டு. ஒளிப்பதற்கு முன்னால் ஒரு குடியேற்ற வக்கீலைப் பாருங்கள், சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மதுரையில் இருக்கும் என் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு பேரனுக்கு வீடியோவில் வருவாள். அவனுக்கு அது காலை, ஃபிலிம் நாக்குக்கு அடியில் இருக்கும் நேரம். அவன் தலையை மட்டும் ஆட்டிச் சிரிப்பான். "இந்தப் பய ஏன்டா என்கிட்ட வாயே திறக்க மாட்டேங்கிறான்?" என்று என்னிடம் கேட்பாள். "பல் விளக்கிட்டிருக்கான்மா, பத்து நிமிஷம் கழிச்சுப் பேசுவான்" என்பேன். பத்து நிமிஷம் கழித்துப் பேசுவான்.