ஷெங்கன் விசா: ஒரு விண்ணப்பத்தின் நாட்குறிப்பு

2025 ஜூன் 8, ஞாயிறு

செப்டம்பர் பிற்பகுதியில் வியன்னா, சால்ஸ்பர்க், பிராக் ஆகிய மூன்று நகரங்களுக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய்வருவது என்று இன்று முடிவாயிற்று. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு ஒன்றாகவே செல்லுபடியாகும் ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதும், குறைந்தது 15 நாளாவது முன்னதாக விண்ணப்பித்துவிட வேண்டும் என்பதும் விதி. ஆனால் கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு என்று போய்வந்தவர்கள் எல்லோரும் சொல்வதால் இப்போதே தொடங்குகிறோம்.

1985 ஜூன் 14 அன்று, லக்ஸம்பர்க்கில் உள்ள ஷெங்கன் என்னும் சிற்றூரை ஒட்டி, மோசெல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலிருந்து வந்த ஏற்பாடு இது. வருகிற சனிக்கிழமையோடு அதற்கு 40 ஆண்டு நிறைகிறது. இன்று 29 நாடுகள் இதில் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் நார்வேயும் உள்ளே இருக்க, ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்து வெளியே நிற்பதை அம்மாவுக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்கே தலை சுற்றியது.

ஜூன் 11, புதன்

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில் வீட்டில் ஒரு சிறு வாக்குவாதம். பிராக் வழியாக உள்ளே நுழைந்தால் விமானக் கட்டணம் குறையும், ஆகவே செக் நாட்டுத் தூதரகத்திடமே கேட்டுவிடலாம் என்பது கணவரின் கட்சி. விதியோ முதலில் கால் வைக்கும் நாட்டைப் பார்ப்பதில்லை. பயணத்தின் முதன்மையான இடம் எதுவோ, அதாவது அதிக நாள் தங்குவது எந்த நாட்டிலோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு கணக்கில் வரும். எங்கள் திட்டத்தில் ஆஸ்திரியாவில் 7 இரவுகள், பிராகில் 4 இரவுகள் என்பதால், எந்த விமான நிலையத்தில் இறங்கினாலும் ஆஸ்திரியாவிடமே போக வேண்டும்.

விசா 'எளிதாகத் தரும்' நாடு ஒன்றில் வாங்கிக்கொண்டு வேறெங்கோ போய்விடலாம் என்று ஆலோசனை சொல்பவர்களுக்குக் குறைவில்லை. அப்படி வாங்கியவர் எல்லையில் இறங்கும்போது அவருடைய விடுதிப் பதிவுகள் வேறொரு நாட்டைக் காட்டினால் என்ன பதில் சொல்வார் என்பதை மட்டும் அந்த ஆலோசகர்கள் சொல்வதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

படிவத்தை நிரப்பினோம். பெரும்பாலும் எளிய கேள்விகள்தாம். செலவுக்கு என்ன வழி என்ற கட்டத்தில் ரொக்கம், கடன் அட்டை ஆகியவற்றோடு, இப்போது அநேகமாக வழக்கொழிந்துவிட்ட பயணக் காசோலையான டிராவலர்ஸ் செக்கும் இன்னும் ஒரு தெரிவாக நிற்பதைப் பார்த்துக் கணவர் சிரித்தார். தங்குமிடங்கள் அனைத்துக்கும் முன்பதிவைக் காட்ட வேண்டும். விமானத்துக்கு உறுதிசெய்த பயணச்சீட்டு தேவையில்லை, போக வர முன்பதிவு இருந்தால் போதும். இந்த இடத்தில்தான் சிலர் போலி முன்பதிவுத் தாள் விற்கிறார்கள். முன்பதிவு எண்ணைக் கொண்டு யாரும் சரிபார்க்கக்கூடிய ஒன்றில் பொய் சொல்வதைப் போன்ற வீண்வேலை வேறில்லை. அதற்குப் பதில் ரத்துசெய்யக்கூடிய உண்மையான முன்பதிவையே எடுத்துக்கொண்டோம்.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் அது செல்லுபடியாக வேண்டும். அவசரச் சிகிச்சையோடு, தேவைப்பட்டால் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவையும் ஏற்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை, அது கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு மேலும் 3 மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் கொண்டதாகவும் இருக்க வேண்டும். மூவருடையதும் தேறியது.

ஜூலை 2, புதன்

இந்த வாரம் முழுவதும் அம்மாவின் கோப்போடு போயிற்று. கணவருக்கு வேலை இருக்கிறது. விடுப்பு அனுமதிக் கடிதத்தில் போகும் தேதியும் மீண்டும் பணியில் சேரும் தேதியும் இருந்தால் அவர் திரும்பி வருவார் என்பதற்கு அதுவே சான்று. எனக்குச் சொந்தத் தொழில். பதிவுச் சான்றிதழும் வருமான வரிக் கணக்குகளும் போதும். அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. முன்பு வெளிநாடு போனதில்லை. பயணச் செலவு முழுவதும் எங்களுடையது. 'உங்கள் அம்மா திரும்பி வருவார் என்பதற்கு என்ன ஆதாரம்' என்ற தலைப்பில் நான் தாள் சேர்ப்பதைப் பார்த்து அம்மாவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "குளிரில் நடுங்கிக்கொண்டு நான் ஏன் அங்கேயே கிடக்கப் போகிறேன்?" என்று கேட்டார். இதையே ஒரு தாளில் எழுதிக் கொடுக்க முடியுமானால் அதைவிட நல்ல சான்று கிடையாது.

ஆனால் தூதரகத்தில் கோப்பைப் படிக்கும் அதிகாரிக்கு அம்மாவைத் தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் முன்னால் இருக்கும் தாள்கள் மட்டுமே. அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதைத்தான் அவரால் பார்க்க முடியும். ஆகவே ஓய்வூதிய ஆணை, மாதாமாதம் ஓய்வூதியம் வந்து சேரும் வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம், செலவை நாங்கள் ஏற்பதாகக் கூறும் கடிதம், நாங்கள் தாயும் மகளும் என்பதைக் காட்டும் என் பிறப்புச் சான்றிதழ் என வரிசையாக அடுக்கினேன். பாஸ்போர்ட்டில் அம்மாவின் முதலெழுத்து விரித்து எழுதப்பட்டிருக்கிறது; வங்கியில் அது வெறும் ஓரெழுத்தாக நிற்கிறது. இருவரும் ஒருவரே என்று வங்கி தந்த கடிதத்தையும் சேர்த்தேன்.

பணத்தைப் பற்றிய புரளிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். விண்ணப்பத்துக்கு முன் யாரிடமாவது பெருந்தொகை வாங்கிக் கணக்கில் போட்டு வைக்கும்படி ஓர் உறவினர் சொன்னார். சில மாதக் கணக்குவழக்கைக் கேட்பதே வரவும் செலவும் எப்படிப் போகின்றன என்று பார்ப்பதற்காகத்தான். சின்ன வருமானம் ஒழுங்காக வந்துபோகும் கணக்கைவிட, கடைசி வாரத்தில் திடீரென்று வீங்கிய கணக்குதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

முகப்புக் கடிதத்தைக் கணவர் எழுதினார். சால்ஸ்பர்க்கில் 1756இல் பிறந்த மோட்சார்ட்டின் இசையைப் பற்றி அதில் ஒரு முழுப் பத்தி இருந்தது. அதை வெட்டிவிட்டேன். யார் போகிறோம், எந்தத் தேதியில் எங்கே தங்குகிறோம், யார் செலவு செய்கிறார், எந்த நாளில் எதற்காகத் திரும்புகிறோம் என்ற நான்கும் ஒரு பக்கத்துக்குள் அடங்கின.

ஜூலை 18, வெள்ளி

இன்று விசா விண்ணப்ப மையத்தில் அப்பாயின்ட்மென்ட். பெரியவர்களுக்கு ஆளுக்கு 90 யூரோ விசாக் கட்டணம். 2024 ஜூன் வரை அது 80 யூரோவாக இருந்தது. மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல். விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பாது.

மையத்தில் இருப்பவர்கள் தாள்களை வாங்கிச் சரிபார்த்து அனுப்புபவர்களே தவிர முடிவெடுப்பவர்கள் அல்லர். இது தெரியாமல் பக்கத்துக் கவுன்ட்டரில் ஒருவர் தம் குடும்ப வரலாற்றையே சொல்லிக்கொண்டிருந்தார். பத்து விரல்களின் ரேகையும் பதிவுசெய்தார்கள். 59 மாதங்களுக்குள் மறுபடி விண்ணப்பித்தால் பொதுவாக இதே பதிவைப் பயன்படுத்திக்கொள்வார்கள். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது கிடையாது. சாக்பீஸ் பிடித்துத் தேய்ந்த அம்மாவின் விரல்கள் கருவியில் எளிதில் பதியவில்லை. அந்தப் பெண் ஊழியர் பொறுமையாக ஈரத்துணி கொடுத்து, துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார்.

ஜூலை 29, செவ்வாய்

வழக்கமான காலக்கெடு 15 நாள்கள்; கூடுதலாக ஆராய வேண்டியிருந்தால் 45 நாள் வரை நீளலாம். கோப்பு எங்கே இருக்கிறது என்று இணையத்தில் பார்த்தால் 'பரிசீலனையில்' என்ற ஒற்றைச் சொல்தான்.

மறுப்புப் படிவத்தின் மாதிரியைத் தேடிப் படித்தேன். இது அபசகுனம் என்று கணவர் திட்டினார். எனக்கு அது பயனுள்ளதாகவே பட்டது. எதற்காக மறுத்தோம் என்பதை அச்சிட்ட காரணங்களில் குறியிட்டுக் காட்ட வேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கிறது: பயண நோக்கம் விளக்கப்படவில்லை, போதிய பணம் காட்டப்படவில்லை, தந்த தகவல் நம்பத்தக்கதாக இல்லை, விசா முடிவதற்குள் வெளியேறும் எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை என்பன போன்றவை. மறுப்புக்கு எதிராக மேல்முறையீடு செய்யும் உரிமையும் உண்டு. தவிர, ஒரு மறுப்பு நிரந்தரத் தடை ஆகாது. காரணத்தைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம்.

ஆகஸ்ட் 6, புதன்

பாஸ்போர்ட்டுகள் வந்துவிட்டன. மூவருக்கும் விசா கிடைத்திருக்கிறது.

உறையைப் பிரித்ததும் படம் எடுத்து அனுப்புவதற்கு முன் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா ஒட்டுவில்லையை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். பெயரிலோ எண்ணிலோ பிழை இருந்தால் உடனே சொன்னால்தான் திருத்துவார்கள். பலரைக் குழப்பும் இடம் தேதிகள். எங்களுடையது செப்டம்பர் 18 முதல் அக்டோபர் 14 வரை செல்லும் என்றிருக்கிறது. ஆனால் தங்கும் காலம் 12 நாள் மட்டுமே. நடுவிலுள்ள இடைவெளி, பயணம் தள்ளிப்போனால் சமாளிப்பதற்காகத் தரும் 15 நாள் சலுகை. அதை விடுமுறை நீட்டிப்பு என்று எண்ணித் தங்கிவிடக் கூடாது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் இந்த 12இல் அடங்கும். நாங்கள் திரும்புவது 29ஆம் தேதி என்பதால் கணக்குச் சரியாக இருக்கிறது. ஒருமுறை நுழைவு விசா ஆதலால், இடையில் லண்டனை எட்டிப் பார்க்கலாம் என்ற கணவரின் ஆசைக்கு இடமில்லை. ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறிய கணமே விசா முடிந்துவிடும்.

விமானச்சீட்டுகளை இன்று மாலையே உறுதிசெய்தோம். விடுதிப் பதிவு, காப்பீடு, செலவுக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை அம்மாவின் கைப்பையில் தனியாக வைக்கப் போகிறேன். விசா என்பது எல்லை வரை போவதற்கான அனுமதிதான். வியன்னாவில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கும் அதிகாரி இதே கேள்விகளை மறுபடி கேட்கலாம். அக்டோபர் 12 முதல் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப்படத்தையும் விரல்ரேகையையும் கணினியில் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவருவதாகச் செய்தி வந்திருக்கிறது. நாங்கள் அதற்குள் திரும்பிவிடுவோம். ஆகவே அம்மாவின் பாஸ்போர்ட்டில் மை முத்திரை விழும். அதை மாணவர்களிடம் காட்ட வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.