கல்லட்டி ஏற்றத்தில்

முன்னால் பைக்கில் போன தம்பியின் முழங்கைகள் இரண்டும் கம்பி போல விறைத்து நின்றன.

மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்று. பார்வை தடுப்புச் சுவரில். வண்டியும் சுவரை நோக்கியே போனது. வேகம் குறைவு என்பதால் நிறுத்திவிட்டான்.

ஓரமாக நின்று பேசினோம்.

"அண்ணா, பயந்துட்டேன்."

கை தளரட்டும், தொடைகளால் டேங்கைப் பிடி என்றேன். பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிடு. அப்புறம் இடுப்பையும் தோளையும் கொஞ்சம் வளைவின் உள்பக்கம் நகர்த்து. உடம்பு உள்ளே போனால், அதே வேகத்துக்கு வண்டி குறைவாகச் சாய்ந்தால் போதும். இன்னும் சாய்க்க இடம் மிச்சமிருக்கும்.

மலையில் அந்த மிச்சம்தான் எனக்குப் பெரிது. திருப்பத்துக்கு அப்பால் காட்டெருமை நிற்கலாம், மணல் கிடக்கலாம். முழங்கால் தரையில் உரசச் சாய்வதெல்லாம் பந்தயத் தடத்துக்கு.

கிளம்பினான். அடுத்த வளைவில் முதலில் அவன் தலை திரும்பியது. வண்டி பின்னாலேயே போனது.