புழுக்கம் என்றே நினைத்திருந்தேன்

கையில் ஒட்டிக்கொண்டு, போனை அருகில் வைத்தால் சர்க்கரை அளவைக் காட்டும் சுகர் சென்சார் போடப் போகிறவர்கள் முதலில் உங்கள் போனில் என்எஃப்சி (அருகில் வைத்தாலே படிக்கும் வசதி) இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். "எந்த போனா இருந்தாலும் எடுக்கும் சார்" என்று மெடிக்கல்காரர் சொன்னதை நம்பி, நடவு ஆட்களை வயலில் விட்டுவிட்டு மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன். என் போனில் அது இல்லை. டப்பாவைப் பிரிக்காமலே திரும்பினேன். அந்த ஒரு நாளை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

மறுவாரம் மகன் போனோடு போய் மேல்கையின் பின்பக்கம் மாட்டிக்கொண்டேன். வலியில்லை. ஆனால் நான் வாங்கியது 8 மணி நேர அளவுகளை மட்டுமே தனக்குள் வைத்திருக்கும் வகை. மகன் காலையில் போனோடு திருவாரூர் கல்லூரிக்குப் போய் சாயங்காலம்தான் வருவான். அதற்குள் காலை இட்லிக்குப் பிறகு ஏறியது அழிந்துவிடும். 3 நாள் வீணான பிறகுதான் போனை மாற்றிக்கொண்டோம்.

இரண்டாம் ராத்திரியே சர்க்கரை 56 காட்டியது (70-க்குக் கீழே போனால் குறைவு). பயந்துபோய் சர்க்கரைத் தண்ணீர் குடித்தேன். சென்சார் உள்ள கையை அழுத்திப் படுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்று அப்புறம்தான் நர்ஸம்மா சொன்னார். எனவே, குறைந்தால் விரலில் குத்திப் பாருங்கள். ஆறாம் ராத்திரி 3 மணிக்கு மறுபடி இறங்கியபோது குத்தினேன்: 61. நிஜமாகவே இறங்கியிருந்தது. அடுத்த இரண்டு ராத்திரியும் அப்படியே. சர்க்கரை இறங்கினால் வியர்க்குமாம்; விடியற்காலையில் சட்டை நனைந்து எழுவதை நான் மாசக்கணக்கில் புழுக்கம் என்றே நினைத்திருந்தேன்.

என் ஹெச்பிஏ1சி (மூன்று மாசச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை) 8.1, அதிகம்தான். டாக்டர் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைக் கூட்டுவதாக இருந்தார். மூன்று மாசச் சராசரியில் ராத்திரி இறக்கம் எங்கே தெரியும்? ஒன்பதாம் நாள் வரைபடத்தைக் காட்டினேன். நாலு இட்லிக்குப் பின் 260, ராத்திரியில் 60. சற்று நேரம் பேசாமல் பார்த்தவர், ராத்திரி போடும் அந்த மாத்திரையை நிறுத்தினார். (நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள், வரைபடத்தோடு போய்க் கேளுங்கள்.) காலையில் இரண்டு இட்லி, கூட அவித்த முட்டை, சாப்பிட்டதும் வரப்பில் கால் மணி நேர நடை. 70-க்கும் 180-க்கும் நடுவில் இருந்த நேரம் அதுவரை 48 சதவீதம். கடைசி 4 நாளில் 66. அது 70 சதவீதத்தைத் தாண்ட வேண்டுமாம்.

வியர்வையில் சென்சாரின் ஓரம் பெயர்ந்தது. நடு ஓட்டையை மூடாமல் சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்டினேன், 14 நாளும் நின்றது.

கடைசி ராத்திரி பழக்கத்தில் 3 மணிக்கு விழிப்பு வந்தது. போனை வைத்துப் பார்த்தேன். 104. சட்டை காய்ந்தே இருந்தது.