செத்த ரப்பர்

எங்க வீட்டு வாசல்ல இப்ப ஒரு ஜோடி மலையேறுற சப்பாத்து கிடக்கு. மேல்பாகம் ஒரு பக்கம், அடிப்பாகம் ஒரு பக்கம். தூக்கிப் போடலாம்னு கையை வச்சா இவருக்குக் கோவம் வருது. "ஒட்டிக்கலாம்"கறார். பசை வாங்கி மூணு நாளாச்சு. அதுவும் பக்கத்துலயே கிடக்கு.

எல்லாம் போன ஞாயித்துக்கிழமை பண்ணின வேலை. பள்ளி விடுமுறை, பிள்ளைங்க ரெண்டும் கைத்தொலைபேசியே கதின்னு கிடக்குதுங்கன்னு இவருக்குத் திடீர் ஞானம். தெலுக் பகாங்ல இருக்கற தேசியப் பூங்காவுக்கு நடக்கப் போலாம்னார். நாங்க பினாங்குல பொறந்து வளர்ந்த கூட்டம். எங்களுக்குத் தெலுக் பகாங்னா 101 பஸ்ஸோட நெத்தியில ஓடற பேரு, அவ்வளவுதான். அதுக்கு அந்தப் பக்கம் மலை இருக்கு, காடு இருக்கு, 2003ல அதைத் தேசியப் பூங்கா ஆக்கிட்டாங்கங்கறதெல்லாம் சுற்றுப்பயணிங்க சமாச்சாரம். "குடும்பத்தோடு நடக்க ஏற்ற பாதை"ன்னு எங்கயோ படிச்சாராம். எந்தக் குடும்பம்னு அதுல போடல.

அத்தையை விட்டுட்டுப் போறதாத்தான் பேச்சு. முட்டிவலி, எழுபது வயசு நெருங்குது, காட்டுப்பாதை. "அம்மா, உனக்கு முடியாது"ன்னு இவர் அன்பாத்தான் சொன்னார். அதுக்கு அத்தை சொன்ன ஒரே பதில்: "தண்ணிமலையில எத்தனை படி?" வீட்டுல யாரும் வாயைத் திறக்கல. நம்ம பினாங்கு முருகன் கோயில் மலை அது, 513 படி. வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு வெறுங்காலோட பால்குடம் எடுத்து ஏறுறாங்க. போன வருஷம் பாதிப் படியிலயே உக்காந்து ஐஸ் மைலோ குடிச்சது யாருன்னு நான் இங்க எழுத மாட்டேன். அவரும் இதைப் படிப்பார்.

இப்ப சப்பாத்து கதைக்கு வரேன். 2019ல கினபாலு மலை ஏறப் போறேன்னு இவர் கிளம்பினார். 4,095 மீட்டர் மலை. அதுக்காக வாங்கினது. வாங்கின விலைக்கு நான் ஒரு மாசத்துக்கு வீட்டுச் சாமான் வாங்கியிருப்பேன். அடுத்த வருஷம் கோவிட்டுக்கு எம்சிஓன்னு ஊரடங்கு வந்துச்சு, கினபாலு அங்கயே நின்னுச்சு, சப்பாத்து பெட்டியிலயே தூங்குச்சு. அப்பப்ப எடுத்துத் துடைப்பார், மோந்து பார்ப்பார், திரும்ப வச்சுடுவார். அந்த சப்பாத்துக்கு ஞாயித்துக்கிழமைதான் முதல் நடை.

காலையில பசியாறிட்டு எல்லாரும் காடியில ஏறப்போற நேரம். அத்தை குனிஞ்சு அந்த சப்பாத்தோட ஓரத்தைக் கட்டைவிரலால ஒரு அமுக்கு அமுக்கினாங்க. முகம் ஒரு மாதிரி ஆச்சு.

"இது செத்த ரப்பர் தம்பி. சிலிப்பர் போட்டுக்க."

இவர் சிரிச்சார் பாருங்க, அந்தச் சிரிப்பை நான் படம் எடுத்து வச்சிருக்கணும். "அம்மா, காட்டுக்கு யாராச்சும் ஜப்பான் சிலிப்பர் போட்டுட்டுப் போவாங்களா?"ன்னார். கெடாவுல தோட்டத்துல இருபது வருஷம் பால் மரம் சீவினவங்ககிட்ட போய் ரப்பரைப் பத்திப் பேசறார் மனுஷன். அத்தை ஒண்ணும் சொல்லல. "இருங்க வரேன்"னு உள்ள போனாங்க. கழிவறைக்குத்தான் போறாங்கன்னு நினைச்சோம். வெளிய வரும்போது கையில இருந்த நீலப் பாசார் பை முன்னைக்கு இன்னும் கொஞ்சம் உப்பியிருந்துச்சு.

அந்தப் பையைப் பத்திச் சொல்லியே ஆகணும். புளிச்சோறு, பொரிச்ச நெத்திலி, ரெண்டு பெரிய போத்தல் தண்ணி, கோடாலித் தைலம், குடை, பழைய துண்டு. "என்னத்தை, குடித்தனம் போறோமா?"ன்னு கேட்டேன். கேட்டது தப்பு. பையை என் கையில கொடுத்துட்டாங்க. இவர் கையில ரெண்டு ஊன்றுகோல், பெரியவன் கையில கைத்தொலைபேசி, சின்னவ கையில பாட்டியோட விரல். மீதி கை என்னோடதுதான்.

வாசல்ல பேர் பதிஞ்சு சீட்டு வாங்கி உள்ள போனா, முதல்ல கடலோரமா நல்ல பாதை. இதுதான் பாதைன்னா இவர் படிச்சது சரின்னு நானே மனசுக்குள்ள மன்னிச்சுட்டேன். கொஞ்ச தூரத்துல பாதை ரெண்டாப் பிரியுது. நேராப் போனா குரங்குக் கடற்கரை, அதையும் தாண்டி 1883ல கட்டின முக்கா ஹெட் கலங்கரை விளக்கம். இடது பக்கம் மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கினா பந்தாய் கெராச்சுட்ங்கற கடற்கரை. பெரியவன் குரங்கு பார்க்கணும்னான். "காசு கொடுத்து எதுக்குப்பா, வீட்டுலயே ரெண்டு இருக்கு"ன்னு அத்தை இடது பக்கம் திரும்பிட்டாங்க.

ஏத்தம் ஆரம்பிச்சு கால் மணி நேரம் இருக்கும். படின்னு சொல்றது பாதி இடத்துல மரவேர்தான். வேர் எங்க இருக்கோ அதுதான் படி, அது இஷ்டம். முன்னால இவர் ரெண்டு கோலையும் ஊணிக்கிட்டு எவரெஸ்ட்டுக்குப் போறவர் மாதிரிப் போறார். பின்னாடி சின்னவ கேக்கறா: "மா, அப்பா ஏன் வாத்து மாதிரி நடக்கறாங்க?"

பார்த்தா வலது சப்பாத்தோட அடிப்பாகம் குதிங்கால்ல இருந்து பிரிஞ்சு முதலை வாய் மாதிரி திறந்து திறந்து மூடுது. தூக்கினா சப்பு, வச்சா தொப்பு. சப்பு, தொப்பு. அவருக்கும் தெரிஞ்சிருக்கு. சொன்னா அம்மா காதுல விழுமேன்னு அமுக்கமா போயிருக்கார்.

அத்தை நின்னு பார்த்தாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். தன் மணிக்கட்டுல இருந்து ரப்பர் வளையத்தை ஒவ்வொண்ணா உருவினாங்க. நாசி லெமாக் பொட்டலம், காய்கறிக் கட்டு, எதுல வந்தாலும் சரி, அந்த வளையம் நேரா அத்தை கைக்குத்தான் போகும். கண்ணாடி வளையலுக்கு மேல எப்பவும் ஒரு ஏழெட்டு கிடக்கும். நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல அதை எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கேன். ஆறு வளையத்தை சப்பாத்துக்கு மாட்டி விட்டாங்க. ஆறு வளையமும் அரை மணி நேரம் தாங்குச்சு. அதுக்குள்ள இடது சப்பாத்தும் அண்ணன் வழியில போயிடுச்சு.

பெரியவன் நின்ன இடத்துலயே தேடிப் பார்த்துட்டான். "பாட்டி, இது ரப்பரே இல்ல. நடுவுல இருக்கறது பாலியூரித்தேன். காத்துல இருக்கற ஈரமே அதை அரிச்சிடுமாம். போடாம பெட்டியில வச்சிருந்தா இன்னும் மோசமாம்." அறிவியல் விளக்கம் பிரமாதம். நம்ம ஊரு ஈரத்துக்கு அலமாரியில ஊறுகாயே பூசணம் பிடிக்குது, சப்பாத்து எம்மாத்திரம். அத்தை அசரல. "எதுவா இருந்தா என்னடா, செத்துப்போச்சுல்ல?"

அப்பத்தான் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் எங்களைத் தாண்டிப் போச்சு. முதுகுல பையில கைக்குழந்தை, அது தூங்குது. புருஷன் பெண்டாட்டி சிரிச்சுப் பேசிக்கிட்டே ஏறுதுங்க. இவர் படிச்சது அந்தக் குடும்பத்தைப் பத்திப் போல.

உச்சி தாண்டி இறங்கற பக்கம் அத்தைக்குக் கொண்டாட்டம். பெர்த்தாம் ஓலையைத் தடவிப் பார்த்து, "இதுலதான் அப்பெல்லாம் கூரை வேய்வோம்"னாங்க. நான் பையைத் தோள் மாத்தறதுல மும்முரமா இருந்தேன். இறங்கி முடிச்சா ஒரு பாலம், கீழ ஏரி. இதைப் பார்க்கத்தான் உலகமே வருதாம். மேல நல்ல தண்ணி, அடியில கடல் தண்ணி, ரெண்டும் ஒரே குட்டையில இருந்தும் கலக்காதாம். மெரோமிக்டிக் ஏரின்னு பேரு. இவர் ஆச்சரியமா விளக்கறார். எனக்கு ஒண்ணும் ஆச்சரியமா இல்ல. பதினஞ்சு வருஷமா அத்தையும் நானும் ஒரே சமையல்கட்டுல இருக்கோம். நாங்க போன அன்னைக்கு ஏரியில பாதி மண்ணு வேற. மழை பெஞ்சாத்தான் ரொம்புமாம்.

கடற்கரை அழகுதான், பொய் சொல்லக்கூடாது. ஆனா அங்க குளிக்கக்கூடாது. நீரோட்டம், சொறிமீன்னு பலகை வச்சிருக்கு. ஒண்ணரை மணி நேரத்துல ஏறவேண்டியதை ரெண்டரை மணி நேரமா ஏறி வந்த பெரியவன் முகத்தை நீங்க பார்க்கணும்.

ஆமைக்குஞ்சு வளர்க்கற இடத்துல மட்டும் எல்லாரும் சமாதானம் ஆனோம். தொட்டியில உள்ளங்கை அளவு பச்சை ஆமைக்குஞ்சுங்க துடுப்புப் போட்டுக்கிட்டு அலையுது. முட்டை புதைச்ச மண்ணு சூடா இருந்தா பொட்டை, குளிர்ச்சியா இருந்தா கடுவன்னு அங்க இருந்தவர் மலாய்ல சொன்னார். அத்தை ரொம்ப நேரம் யோசிச்சாங்க. "தோட்டத்துல நாங்க இருந்த லயத்து வீட்டுல கூரை ஒழுகும். அதான் மூணும் பையனாப் போச்சு"ன்னாங்க. அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல எங்க யாருக்கும் தெம்பு இல்ல.

வெளிய வந்தா மத்தியான மணல் கொதிக்குது. இவர் சப்பாத்துல இப்ப மேல்பாகமும் நூலும்தான் மிச்சம். கழட்டிட்டு மணல்ல இறங்கினவர் தீமிதி மாதிரி நிழலுக்கு ஓடினார். புளிச்சோறு எடுக்கப் பையைக் கேட்டாங்க அத்தை. போத்தலை எடுத்தாங்க, துண்டை எடுத்தாங்க, அடியில கையை விட்டுப் பழைய பேப்பர்ல சுத்தின ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் முன்னால போட்டாங்க. பிரிச்சா, இவரோட நீல வார் சிலிப்பர்.

"ஏம்மா! இதை வச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் சும்மா வந்தே?"

"நீ கேக்கலயே."

நான் எழுந்து நின்னுட்டேன். ஏறி இறங்கின அந்த மலை முழுக்க இவர் சிலிப்பரைத் தோள்ல சுமந்தவ நான்! அதைப் பத்தி ஒருத்தருக்காச்சும் கவலை? அவர் சிலிப்பரைப் போட்டுக்கிட்டு ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டார். நடுவுல ஒரு குரங்கு வந்து நெத்திலி டப்பாவைத் தூக்கிட்டுப் போச்சு. நியாயமாப் பார்த்தா அதுக்கும் பசிதான்.

திரும்ப நடக்கலாமான்னு யாரும் கேக்கல. படகுதான். அத்தையே படகுக்காரர்கிட்ட பாசார் மலாய்ல பேரம் பேசி, முன்வரிசையில போய் உக்காந்துக்கிட்டாங்க. அலை அடிச்சதுல நனைஞ்சதெல்லாம் பின்வரிசைதான்.

ராத்திரி வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினேன். பாதி மணல். அடியில இன்னொரு பேப்பர் பொட்டலம் இருந்துச்சு. பிரிச்சா என் சிலிப்பர். சமையல்கட்டுல போடறது, வார் அறுந்து ஊக்கு குத்தி வச்சிருப்பேனே, அதுதான். ஊக்கைக் காணோம். வாரை யாரோ நைலான் நூல்ல தச்சிருக்காங்க.

கூடத்துல அத்தை முட்டிக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டு நாடகம் பார்த்துட்டு இருந்தாங்க.

"அத்தை, இது எதுக்கு?"

திரும்பிக்கூடப் பார்க்கல. "உன் சப்பாத்து மட்டும் என்ன, நேத்தா வாங்கினது?"ன்னுட்டு தொலைக்காட்சி சத்தத்தைக் கூட்டிட்டாங்க.