தங்கச்சிக்கு எதிர்ப்புச் சக்தி குறைவில்லை

போன வருடம் ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தக் கேணியில் முழுகிவிட்டு, பகல் முழுக்க அங்கேதான் நின்றோம். ஒரு கிழமைக்குள் தங்கச்சிக்குக் காய்ச்சல். விரல் மூட்டெல்லாம் வீங்கி, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தித்தான் குடித்தாள். மூக்கின் இரு பக்கமும் வண்ணாத்திப்பூச்சி செட்டை விரித்தது போலச் சிவப்பு. லூபஸ் நோய் என்று தெரிந்து இரண்டு வருடமாகியும், வெயிலை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை.

கொக்கட்டிச்சோலையிலிருந்து பெரியம்மா வந்தா. "என்னகா இது, புள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாமப் போச்சு. நல்லாச் சாப்பிடக் குடு, மறுகா எல்லாம் சரியாகும்."

ரிப்போட்டிலும் வெள்ளைக் கலங்கள் குறைவுதான். ஆனால் உயர்தர வகுப்புக்கு நிர்ப்பீடனம் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி) படிப்பிக்கிற எனக்கு அந்தச் சொல் பொறுக்கவில்லை. நடப்பது நேர்மாறானது: லூபசில் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குகிறது.

1957இல் லண்டனில் ஐசக்சும் லிண்டன்மானும் கண்டுபிடித்த இன்டர்பெரோன் என்ற புரதம், வைரசு வந்தால் கலங்கள் எழுப்பும் கூக்குரல். வைரசு போனதும் அது அடங்கவேண்டும். லூபசில் பலருக்கு அடங்குவதில்லை. வெயில் பட்டுத் தோல் கலங்கள் சாகின்றன, அவற்றின் டிஎன்ஏ வெளியே சிந்துகிறது. தங்கச்சியின் இரத்தத்தில் அந்த டிஎன்ஏக்கு எதிராகவே பிறபொருளெதிரிகள் (கிருமியில் ஒட்டிப் பிடிக்கவேண்டிய புரதங்கள்) உண்டு. இரண்டும் ஒட்டிய கட்டியை டென்றிற்றிக் கலம் என்ற காவற் கலத்தில் ஒருவகை விழுங்கி, வைரசு என்று எண்ணி இன்டர்பெரோன் அல்பாவைக் கொட்டுகிறது. அதைக் கேட்ட மற்றக் கலங்கள் பாஃப் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. பிறபொருளெதிரி செய்யப் பிறந்த பி கலங்களில் சாகவேண்டிய தவறானவை அதைத் தின்று பிழைத்துக்கொள்கின்றன. அப்புறம் அவையே பிளாஸ்மா கலங்களாகி, இன்னும் பிறபொருளெதிரியை வடிக்கின்றன. சுற்று திரும்பவும் தொடங்குகிறது.

என்னை வியக்கவைப்பது இன்னொன்று. இதே இன்டர்பெரோன் என்பு மச்சையில் பிறக்கும் இளம் பி கலங்களைத் தடுக்கிறது. அவை வளர இன்டர்லூக்கின்-7 என்ற புரதம் வேண்டும். எலிகளின் கலங்களில் அந்த வளர்ச்சியை இன்டர்பெரோன் நிறுத்திவிடுவதைக் கண்டிருக்கிறார்கள். குஞ்சை அமுக்கி, வளர்ந்ததை உசுப்பிவிடும் ஒரே பொருள்!

பாஃபை மறிக்கும் பெலிமுமாப் 2011இலும், இன்டர்பெரோன் அல்பா வந்து சேரும் ஏற்பியையே மூடும் அனிஃப்ரோலுமாப் 2021இலும் லூபசுக்கு மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றன. தங்கச்சி குடிப்பது ஹைட்ரொக்சிகுளோரோகுயின். அந்த டென்றிற்றிக் கலம் டிஎன்ஏயை உணரும் இடத்திலேயே அது குறுக்கே நிற்கிறது. மலிவான பழைய குளிசைதான், ஆனால் ஒரு நாளும் தவறவிடாமல் நான்தான் எண்ணி வைக்கிறேன்.

இதையெல்லாம் பெரியம்மாவுக்கு ஒரு பின்னேரம் முழுக்கச் சொன்னேன். "அப்ப புள்ளைக்குக் காவல் கூடிப் போச்சு எண்டு சொல்லு" என்றா. சரியாகப் பிடித்துவிட்டா.

இந்த முறை இருட்டோடு போய் முழுகினோம். திரும்பும்போது ஏழு மணி, வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. வாசல்வரைக்கும் பெரியம்மா தன் சேலைத் தலைப்பைத் தங்கச்சியின் முகத்துக்கு மேலாக இழுத்துப் பிடித்தபடி வந்தா.